பழைய கணினிக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு: எஸ்எம்பிஎஸ் லேபிளிலிருந்து தொடங்குங்கள்

உங்களிடம் இருப்பது ஐ5-4590 பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், ஜிடி 730 கார்டு, 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். கணினிக்கு மின்சாரம் தரும் பாகமான எஸ்எம்பிஎஸ் பற்றி 300 வாட் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். புது கேம்கள் திணறுகின்றன. ஒரு நண்பர் ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்கிப் போடு என்கிறார். இன்னொருவர் அந்தப் பிராசஸருக்கு எந்தக் கார்டும் தண்டம், பெட்டியையே மாற்று என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கார்டின் பெயரில் வந்திருந்தாலும், இந்தக் கணினியில் இனி பணம் போடலாமா, போட்டால் எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாகக் கணினி அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. உங்களுடையதைப் போன்ற பெட்டிகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுள்ள கணினிக்கு இரண்டு விதமான கார்டுதான் பொருந்தும். ஒன்று, தனி மின்கேபிள் கேட்காத சிறிய கார்டு. அல்லது நாளைக்கு வேறு மதர்போர்டு வாங்கும்போது கழற்றி அதில் மாட்டிக்கொள்ளக்கூடிய கார்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றை வாங்கியவர்கள்தான் ஒரு வருடத்தில் திரும்பவும் வந்து நிற்கிறார்கள்.

முதலில் இந்த ‘பாட்டில்நெக்’ (ஒரு பாகத்தின் வேகக்குறைவு மற்றதைத் தடுப்பது) பயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசஸர். அதை வாங்கி வரைந்து முடிப்பது கார்டு. இரண்டில் எது தாமதமோ அதன் வேகம்தான் திரையில் தெரியும். பெரிய கார்டைச் சிறிய பிராசஸரோடு சேர்த்தால் எதுவும் கெட்டுப்போகாது. கார்டு அவ்வப்போது வேலையில்லாமல் காத்திருக்கும், அவ்வளவுதான். அந்த மிச்ச சக்தியையும் வீணாக்க வேண்டியதில்லை. ரெசல்யூஷன், டெக்ஸ்ச்சர், விளிம்புகளை மழமழப்பாக்கும் ஆன்டி அலியாசிங் ஆகியவற்றைக் கூட்டினால் சுமை பெரும்பாலும் கார்டின் மேல்தான் விழும், பிராசஸரின் கணக்கு அதிகம் மாறாது. கூட்டத்தின் அளவு, எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும் என்பது, சில கேம்களில் நிழல், இவை மட்டும் பிராசஸரையும் சேர்த்து இழுக்கும்.

உங்கள் கணினியில் எது தடை என்பதைச் செலவில்லாமலே பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போதே திரை ஓரத்தில் கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதியின்) பயன்பாடு, ஃபிரேம் எண்ணிக்கை மூன்றும் தெரியும்படி வையுங்கள். கார்டு 97, 98, 99 என்று அங்கேயே நின்றால் தடை கார்டு. கார்டு 60, 70 என்று இறங்கி, கோர்களில் ஒன்றோ இரண்டோ நூறைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தடை பிராசஸர். பிராசஸரின் மொத்த சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு கோரில் ஒன்று முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 25 சதவீதமாகத்தான் தெரியும். உங்கள் ஜிடி 730 வழக்கமான செட்டிங்கில் 99-ல்தான் நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து ரெசல்யூஷனை 720பி-க்கு, முடிந்தால் அதற்கும் கீழே இறக்கி, எல்லா செட்டிங்கையும் குறைத்து, அதே இடத்தில் திரும்ப ஓடிப் பாருங்கள். கார்டின் பயன்பாடு 99-லிருந்து இறங்கிவிட்டால், அப்போது தெரியும் ஃபிரேம் எண்ணிக்கைதான் உங்கள் பிராசஸர் அந்த இடத்தில் தரக்கூடிய உச்சம். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. அப்போதும் கார்டு 99-லேயே நின்றால், பிராசஸரின் எல்லையை நீங்கள் இன்னும் தொடவே இல்லை.

‘எந்தக் கார்டும் தண்டம்’ என்ற பேச்சு ஜிடி 730-க்குப் பொருந்தவே பொருந்தாது. அந்தப் பெயரிலேயே வேறு வேறு சிப்பும் மெமரியும் கொண்ட கார்டுகள் விற்றன. 64 பிட் டிடிஆர்3 மெமரி உள்ளது நொடிக்கு 14.4 ஜிபி தரவைத்தான் நகர்த்தும், ஜிடிடிஆர்5 உள்ளது சுமார் 40 ஜிபி. சாதாரண ஜிடிஎக்ஸ் 1650 நகர்த்துவது 128 ஜிபி. போதாததற்கு, கெப்ளர் சிப் கொண்ட ஜிடி 730-க்குப் புது கேம்களுக்கான டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. இதைவிடப் பழைய ஃபெர்மி சிப்பாக இருந்தால் அதற்கும் முன்பே நின்றுபோனது. ஆக, கார்டை மாற்றினால் பலன் இருக்கும் என்பது உறுதி. எவ்வளவு பலன் என்பதைத்தான் உங்கள் பிராசஸர் தீர்மானிக்கும். ஐ5-4590 வெளிவந்தது 2014-ல். நான்கு கோர், நான்கே திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). பழைய கேம்களுக்கும் போட்டி வகை ஷூட்டர் கேம்களுக்கும் இன்றைக்கும் தாங்கும். சமீபத்திய திறந்தவெளி கேம்களில் சராசரி ஃபிரேம் நன்றாகத் தெரிந்தாலும், வேகமாகத் திரும்பும்போதும் புதிய பகுதிக்குள் நுழையும்போதும் நொடிப்பொழுது உறைந்து உறைந்து போகும். இந்த உறைதலை எந்தக் கார்டும் போக்காது. இரண்டாவது நண்பர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இப்போது எஸ்எம்பிஎஸ். கார்டைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்-ன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 300 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் அந்தத் தடத்திலிருந்துதான் தின்னுகின்றன. உதாரணமாக 12 வோல்ட்டில் 14 ஆம்பியர் என்று இருந்தால் கிடைப்பது 168 வாட். உங்கள் பிராசஸரின் கணக்கே 84 வாட். ஆர்எக்ஸ் 6600-ன் கணக்கு 132 வாட். இரண்டையும் கூட்டினாலே 216, ஃபேனும் டிஸ்க்கும் இன்னும் சேரவில்லை. கார்டுகள் நொடியின் சிறு பகுதிக்குத் தங்கள் கணக்கைத் தாண்டியும் இழுக்கும். கேம் நடுவில் கணினி திடீரென்று அணைந்து மறுபடி எழும் புகாரோடு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆர்எக்ஸ் 6600-க்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 450 வாட் எஸ்எம்பிஎஸ். லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் இரண்டு தடங்கள் தனித்தனியாகக் காட்டப்பட்டிருந்தால், இரண்டையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள், கீழே இரண்டுக்கும் சேர்த்து எழுதியிருக்கும் உச்ச வாட்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதர்போர்டு ஸ்லாட் தன்னளவில் கார்டுக்கு 75 வாட் வரை தரும். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளில் 6 பின் அல்லது 8 பின் சாக்கெட் இருக்கும். முறையே 75 வாட், 150 வாட். எஸ்எம்பிஎஸ்-ல் அந்தக் கேபிள் இல்லை என்றால், அவ்வளவு சுமைக்கு அது தயாரிக்கப்படவில்லை என்று அர்த்தம். டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின்கேபிளை 6 பின்னாக மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டர் வயர் ஒன்று கிடைக்கும், அதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் கணக்கிடப்பட்டது, 6 பின் கேட்பதோ 75. பின்கள் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, உறை பழுப்பு நிறத்தில் சுருண்டுபோன கன்வெர்ட்டர்களை நான் வெட்டி எடுத்திருக்கிறேன். தீ விபத்துக்கு இதைவிட எளிய வழி கணினிக்குள் கிடையாது. உங்கள் எஸ்எம்பிஎஸ்-க்கும் கணினியின் வயதே என்றால், உள்ளே கப்பாசிட்டர்கள் தேய்ந்திருக்கும். லேபிளில் எழுதியது புதிதாக இருந்த நாளின் கணக்கு.

ஒரு விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை, பெட்டியைப் பார்க்காமல் நானும் சொல்ல முடியாது: இது அசெம்பிள் செய்ததா, டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற நிறுவனத்தின் அலுவலகப் பெட்டியா? அந்தத் தலைமுறையில் டெல் ஆப்டிப்ளெக்ஸ் போன்றவற்றில் மதர்போர்டுக்குப் போகும் முதன்மை மின்கேபிளே வழக்கமான 24 பின்னாக இல்லாமல் 8 பின்னாக இருக்கும். எஸ்எம்பிஎஸ்-ன் வடிவமும் வேறாக இருக்கலாம். அப்படியானால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது, தகுந்த மாற்று வயர் வேண்டும். ஒல்லியான கேபினெட் என்றால் பாதி உயரக் கார்டு மட்டுமே உள்ளே போகும். இந்த ஒரு விவரமே உங்கள் தேர்வைப் பாதியாகச் சுருக்கிவிடும்.

தனி கேபிள் கேட்காத கார்டுகளில் நான் முதலில் சொல்வது ஜிடிஎக்ஸ் 1650. 2019-ல் வந்தது, 4 ஜிபி மெமரி, 75 வாட். வாங்கும்போது 6 பின் சாக்கெட் இல்லாத மாடலா என்று பார்த்து வாங்க வேண்டும், இரண்டு விதமும் உண்டு. ஜிடிடிஆர்6 மெமரி உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. 2016-ன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பழைய சந்தையில் ஏராளம், ஆனால் இன்று அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாடல் 70 வாட்தான், இந்த வகையில் வலுவானது அதுவே. புதிதாக வாங்க மனம் இருந்தால் அதுதான் என் தேர்வு. ஆர்எக்ஸ் 6400 பற்றி ஓர் எச்சரிக்கை. 53 வாட், பாதி உயரம் என்று பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஸ்லாட்டில் தரவு போகும் பதினாறு பாதைகளில் நான்கை மட்டுமே அது பயன்படுத்தும். புது மதர்போர்டில் அந்த ஸ்லாட்டின் பிசிஐஇ 4.0 வேகம் அதை ஈடுகட்டும். உங்கள் தலைமுறை மதர்போர்டில் இருப்பது அதிகபட்சம் 3.0. அங்கே அதற்குக் கிடைப்பது நொடிக்குச் சுமார் 4 ஜிபி பாதைதான். 4 ஜிபி மெமரி நிரம்பி, மிச்சத்தைக் கணினியின் ராமிலிருந்து எடுக்க வேண்டிய நேரத்தில் அந்தக் குறுகல் நன்றாகத் தெரியும். வீடியோ என்கோடரும் அதில் கிடையாது, கேமைப் பதிவு செய்ய நினைப்பவருக்குக் கைகொடுக்காது. இன்டெலின் ஆர்க் கார்டுகளையும் விட்டுவிடுங்கள். கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத மதர்போர்டில் அவற்றின் வேகம் மோசமாக விழும், உங்கள் தலைமுறையில் அது கிடையாது.

முதல் நண்பர் சொல்லும் ஆர்எக்ஸ் 6600 தவறான யோசனை அல்ல. 8 ஜிபி மெமரி, 1080பி-க்குத் தாராளம். எட்டுப் பாதைகளைப் பயன்படுத்துவதால் 3.0 ஸ்லாட்டில் இழப்பு பொதுவாகச் சில சதவீதம்தான். ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குக்கான வன்பொருளும் உண்டு. ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ போன்ற கேம்கள் அந்த வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதே இல்லை, அங்கே ஜிடிஎக்ஸ் 1650-க்கு இடமில்லை. உங்கள் பிராசஸரோடு சேரும்போது பல புது கேம்களில் இந்தக் கார்டின் முழு பலம் வெளிவராது, ஆனால் அது கார்டிலேயே இருக்கும், அடுத்த மதர்போர்டுக்குக் கொண்டுபோகலாம். ஆர்எக்ஸ் 580 போன்றவற்றைத்தான் தொடக்கத்தில் நடுவில் இருப்பவை என்று சொன்னேன், காரணம் இதுதான். 185 வாட் தின்னும், அதற்காக எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும், நாளைக்குப் புது கணினியில் போடவும் மனம் வராது. வலுக்குறைந்த பிராசஸரில் என்விடியா டிரைவர் ஏஎம்டி டிரைவரைவிடக் கூடுதல் சுமை தரும், குறிப்பாக டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில், என்றும் ஒரு வாதம் உண்டு. அளந்து பார்த்தவர்கள் பல கேம்களில் அதைக் கண்டிருக்கிறார்கள். எல்லாக் கேமிலும் அப்படி அல்ல, அதை மட்டும் வைத்துக் கார்டைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நான் போகமாட்டேன்.

கார்டுக்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ராமை இன்னொரு 8 ஜிபி சேர்த்து இரண்டு ஸ்டிக்காக்குங்கள். 8 ஜிபி இன்றைய கேம்களுக்குப் போதாது. அதோடு ஒரே ஸ்டிக்கில் டிடிஆர்3-1600 நொடிக்கு 12.8 ஜிபிதான் தரும், இரண்டு ஸ்டிக்கை சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 25.6. நான் சொன்ன அந்த உறைதல்களில் ஒரு பங்கு இதிலேயே குறைவதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஐ7-4790 நியாயமான விலைக்குக் கிடைத்தால் அதே சாக்கெட்டில் உட்காரும், எட்டு திரெட் வரும். ஜியான் இ3-1231 வி3-யும் அதே மாதிரிதான், அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் மட்டும் இருக்காது. உங்கள் மதர்போர்டின் பயாஸ் (தொடக்க மென்பொருள்) இவற்றை ஏற்குமா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால், கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியதா என்ற ஒற்றைக் கேள்வியில் நிற்காதீர்கள். எத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கைக் கைவிட்டதும் அந்தக் கார்டுகள் சந்தையில் கொட்டின, விற்பவர் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. கார்டைக் கையில் வாங்கி, ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் அல்லது பக்கவாட்டில் ஆடினால் பேரிங் போய்விட்டது, ஃபேன் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். போர்டில் மெமரி சிப்புகளைச் சுற்றி நிறம் கருத்திருக்கிறதா, ஓரத்தில் எண்ணெய் கசிந்த மாதிரிப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் பெரிய கார்டாகக் காட்டும் மோசடி உண்டு, பலவற்றை அந்த மென்பொருளே போலி என்று அடையாளம் காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி வலுக்குறைந்த 2048எஸ்பி ரகத்தைத் தருவதும் உண்டு. கடைசியாக, கால் மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டி, திரையில் புள்ளிகளோ கட்டங்களோ மின்னுகின்றனவா என்று நிதானமாகப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டு இடத்தில் முன்கூட்டி உறுதி தர முடியாது. ஒன்று, பயாஸ். உங்கள் தலைமுறை மதர்போர்டுகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகைதான், ஆனாலும் சில புதிய கார்டுகள் பழைய லெகசி முறையில் படம் காட்டாமல் கருப்புத் திரையோடு நிற்கும். அப்போது அந்தப் பழைய முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் என்ற செட்டிங்கை அணைக்க வேண்டிவரும். விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் நிறுவப்பட்டிருந்தால் அதன் பிறகு பூட் ஆகாது. விண்டோஸ் 10-லேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். புது பயாஸ் கிடைத்தால் கார்டு மாட்டுவதற்கு முன்பே ஏற்றுங்கள். இன்னொன்று, விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர் விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் நிறுவியவர்கள் இருக்கிறார்கள், அது எவ்வளவு காலம் தொந்தரவில்லாமல் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மதர்போர்டு மாற்றும் நாளை இதுவே முன்னால் இழுக்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியாத அலுவலகப் பெட்டி என்றால் ராம் சேர்த்து, கேபிள் கேட்காத கார்டு ஒன்றைப் போட்டு, அதோடு நிறுத்திவிடுவேன். சாதாரண கேபினெட் என்றால், நல்ல தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ், பிறகு ஆர்எக்ஸ் 6600, கை கூடும்போது மதர்போர்டும் பிராசஸரும் ராமும் ஒரே தடவையில். இந்த வழியில் போவதானால் ஐ7-க்கோ டிடிஆர்3 ராமுக்கோ அதிகம் செலவழிக்க மாட்டேன், அவை இரண்டும் அடுத்த மதர்போர்டுக்கு வராது. கார்டு வந்ததும் பழைய டிரைவரை டிடியு கருவியால் முழுதாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால், நான் சொன்ன கார்டுகள் எதிலும் அந்த அனலாக் சிக்னல் வராது, ஆக்டிவ் வகை கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். கேபினெட்டின் மாடல், எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் உள்ள எண்கள், 720பி சோதனையில் கிடைத்த ஃபிரேம் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். எந்தக் கார்டு என்று பெயர் சொல்லியே பதில் தருகிறேன்.